பதினாறு தசம் பூச்சியம் எட்டு

ஜூன் 17, செவ்வாய்

ஆய்வுகூடத்தில் மிஞ்சியிருந்த ஒரே சின்ன அளவுச்சாடியும் இன்று போய்விட்டது. கண்ணாடிச் சாமான்களை மேசை விளிம்பில் வைக்காதீர்கள் என்று தரம் 12க்குச் சொல்லிக்கொண்டே நான்தான் முழங்கையால் தட்டிவிட்டேன். சிரிப்பை அடக்கப் பிள்ளைகள் பட்ட பாடு! கடைசியில் நானே சிரித்து அவர்களை விடுவித்தேன். இனி இருப்பது நூறு மில்லிலீட்டர் கொள்ளும் தடியன் மட்டும்தான். பாடசாலை அதிபரிடம் போய்க் கேட்டேன். அடுத்த வருட ஒதுக்கீட்டில் பார்ப்போம் என்றார். போன வருடமும் அதைத்தான் சொன்னார்.

கல்லின் அடர்த்தி காணும் செய்முறை. திணிவைக் கனவளவால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பாதிப் பேர் விடையில் அலகு எழுதவில்லை. ஒருத்தி வெறுமனே "மூன்று" என்று எழுதியிருக்கிறாள். மூன்று என்ன, மூன்று கருவாடா?

ஞாயிற்றுக்கிழமை நாவலப்பிட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். உம்மா இன்றைக்கே திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்க்கப் போட்டுவிட்டார். கெலிஓயாவில் சில நாட்களாகவே வெயில் முகம் காட்டவில்லை. ஈரத் திரைச்சீலை வீடு முழுக்கத் தொங்குகிறது. குனிந்து குனிந்து நடக்கிறோம்.

ஜூன் 22, ஞாயிறு

வந்தார்கள். பேசினார்கள். முடிந்தது. எனக்குக் கல்யாணம்.

இருபத்தொன்பது வயதில் எத்தனையோ பேருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பி.எஸ்.சி. படித்த பிள்ளை நமக்குச் சரிவராது என்று போனவர்களும் உண்டு. ஆய்வுகூடத்தில் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராதவர்களும் உண்டு. அம்ஜத் போன மாதம் முதன்முறை வந்தபோது அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாவலப்பிட்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கண் பார்வை சோதிப்பதும் அவரே. சிரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் கன்னத்தில் குழி விழுகிறது. இதை ஏன் எழுதுகிறேன்? எழுதியாயிற்று, இருக்கட்டும்.

அவருடைய உம்மா சகீனா மாமி, அதிகம் பேசாதவர். அம்ஜத்தைச் சின்ன வயதிலிருந்து தனியாக வளர்த்தவர். எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்து என் கழுத்தில் போட்டார். மூன்று பவுன், இருபத்திரண்டு கரட் என்று உம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். கொக்கியைப் பூட்டும்போது அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. மழையில் வந்திருந்தாரே.

கூடப்பிறந்த அஷ்பாக் நானா இன்று முழுவதும் பெரிய மனிதர். வாப்பா மௌத்தான பிறகு இந்த வீட்டில் எல்லா முடிவும் அவருடையதுதான். ஆனாலும் அவர்கள் போன பிறகு குசினிக்குப் போய், மிஞ்சிய வட்டிலாப்ப இனிப்பைச் சட்டியோடு வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சாப்பிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

ஏன் செய்தேன் என்று யாராவது கேட்டால், ஆசைதான். சந்தேகம் துளியும் இருக்கவில்லை. ஐந்து வருடமாகத் தங்கத்தின் அடர்த்தியைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. இப்போது கழுத்தில் ஒன்று கிடக்கிறது. ஆய்வுகூடச் சாவியும் என்னிடம் இருக்கிறது.

மூன்றாம் பாடவேளை ஓய்வு. கதவைச் சாத்தினேன். இலத்திரனியல் தராசில் வைத்தேன்: 24.12 கிராம். பவுனுக்கு எட்டுக் கிராம், மூன்று பவுனுக்கு இருபத்துநான்கு. மாமி சொன்னது சரி. சந்தோஷமாக இருந்தது. பிறகு அந்தத் தடியன் சாடியில் அறுபது கோடு வரை தண்ணீர் விட்டு, சங்கிலியை நூலில் கட்டி இறக்கினேன். தண்ணீர் அறுபத்தொன்றுக்கும் அறுபத்திரண்டுக்கும் நடுவில் நின்றது. ஒன்றரை மில்லிலீட்டர். கணிப்பானில் தட்டினேன்.

16.08.

இருபத்திரண்டு கரட் என்றால் ஒரு கன சென்ரிமீற்றருக்குப் பதினேழே முக்கால் கிராம் அளவில் வரவேண்டும். பதினெட்டுக் கரட் பதினைந்தரைக்குக் கிட்ட. என்னுடையது எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்க்கப் பட்டம் வேண்டியதில்லை.

மணி அடித்துவிட்டது. ஷாலில் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டேன். அடுத்த வகுப்பில் ஒளித்தெறிப்பைப் படிப்பித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூன் 25, புதன்

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். உம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன், குசினியில், வெங்காயம் அரிந்துகொண்டு. நானா தேத்தண்ணீருக்கு வந்து வாசலில் நின்றதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

அஷ்பாக் நானா டைல் கடைக்காரர். இலக்கம் என்றால் அவருக்கு மரியாதை. "சும்மா பதினாறு எண்டு சென்னா எங்கயாவது பிழை இரிக்கும் எண்டு நான் நெனப்பேன்," என்றார். "பதினாறு தசம் பூச்சியம் எட்டு எண்டு வந்திரிக்கே. அவ்வளவு நுணுக்கமா வந்த கணக்கு எப்பிடிப் பிழைக்கும்?"

சங்கிலியைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டார். கடையில் உள்ள இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்போகிறாராம். மாமி அப்படிப்பட்டவர் இல்லை, அவரை நகைக்கடையில் ஏமாற்றியிருக்கலாம் என்றேன். அதையும் கேட்கத்தானே வேண்டும் என்றார். மாமி வீட்டில் கேட்கக் கொஞ்ச நாள் பொறுங்கள் என்று கெஞ்சினேன். தலையாட்டினார்.

ஜூன் 26, வியாழன்

நானா தலையாட்டியது என்னைச் சமாளிக்கத்தான். காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அம்ஜத்துக்குப் போனில் கோல் எடுத்திருக்கிறார்.

பின்னேரம் நானாவே வந்து சொன்னார், ஏதோ நல்லது செய்துவிட்டு வந்தவரைப் போல. தங்கச்சி ஸ்கூலில் அளந்து பார்த்தாள், 16.08தான் வருகிறது, இருபத்திரண்டு கரட் இல்லை, உங்கள் உம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். இவ்வளவுதான் பேசினாராம். மரியாதையாகத்தான் பேசினாராம். அம்ஜத் "சரி, நான் பாக்கிறேன்" என்று வைத்துவிட்டாராம்.

ஏன் நானா? ஏன் இப்பிடிச் செஞ்சீங்க? எண்ட கல்யாணம், எண்ட சங்கிலி, நான் அளந்த அளவு. எனக்கு ஒரு வார்த்த செல்லாம எப்பிடி— கத்திவிட்டேன். உம்மா வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

அம்ஜத்துக்குச் செய்தி எழுதினேன். அழித்தேன். மறுபடியும் எழுதினேன். என்னவென்று எழுதுவது? மன்னியுங்கள் என்றா? அந்த இலக்கம் சரியாக இருந்தால் எதற்கு மன்னிப்பு? பிழையாக இருந்தால்— ஆனால் நானே அளந்தேனே.

ஜூன் 27, வெள்ளி

அம்ஜத்திடமிருந்தும் ஒன்றும் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முதலில் சிரித்தேன். உம்மா பயந்து வந்து பார்த்தார்.

தரம் 12 செய்முறைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். வேறு வேலை செய்ய மனம் வரவில்லை. நாலாவது தாளோ ஐந்தாவதோ. கல்லின் திணிவு 40.00 கிராம், கனவளவு 15 மில்லிலீட்டர், அடர்த்தி 2.6666667. கணிப்பான் காட்டிய எல்லாவற்றையும் வரிசையாக இறக்கிவைத்திருக்கிறான். சிவப்புப் பேனாவால் வளைத்து, வழமையாக எழுதுவதை எழுதினேன்: "உன் அளவுச்சாடி இவ்வளவு பேசுமா?"

எழுதிவிட்டு அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என்னுடைய சாடி என்ன பேசியது? அதில் ஒரு மில்லிலீட்டருக்கு ஒரு கோடு. அந்த அரை என் கண் போட்ட குத்துமதிப்பு. அறுபது என்று நான் தொடங்கியதும் சரியாகக் கோட்டில் நின்றதா என்று சத்தியம் பண்ண முடியாது. அந்த ஒன்றரை உண்மையில் ஒன்றாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். ஒன்றால் வகுத்தால் 24. இரண்டால் வகுத்தால் 12. பன்னிரண்டுக்கும் இருபத்துநான்குக்கும் இடையில் எங்கோ ஓரிடம். என் செய்முறை அவ்வளவைத்தான் சொல்கிறது. அந்தச் சங்கிலி பித்தளை இல்லை, வெள்ளி இல்லை என்று வேண்டுமானால் சபையில் நின்று சொல்லலாம். கரட்டைப் பற்றிப் பேச அதற்கு வாயே கிடையாது.

தராசு நாலு இலக்கம் தந்தது. சாடி இரண்டுதான் தந்தது, அதிலும் இரண்டாவது ஊகம். இரண்டையும் வகுத்தால் விடை மோசமான அளவைத் தாண்டி நுணுக்கமாக வராது. வருடா வருடம் முதல் தவணையிலேயே இதைத்தான் படிப்பிக்கிறேன். பொருளுள்ள இலக்கங்கள் என்று தலைப்புப் போட்டு, கீழே கோடும் கீறி. கழுத்தில் சங்கிலி விழுந்ததும் எல்லாம் பறந்துவிட்டது.

பூச்சியம் எட்டு! கணிப்பான் சும்மா தந்தது அது. நானாவை மடக்கியதும் அதுதான்.

நானாவிடம் சங்கிலியைக் கேட்டேன். நாளைக்கு மறுபடியும் அளக்கப்போகிறேன், வேறு விதமாக. தரமாட்டேன், நானும் கூட வருவேன், என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். வாருங்கள் என்றேன்.

ஜூன் 30, திங்கள்

கடைசிப் பாடவேளை முடிந்து பிள்ளைகள் போன பிறகு நானா வந்தார். வெள்ளிக்கிழமைக்கு உடுக்கும் சட்டையைப் போட்டிருந்தார். ஆய்வுகூடத்துக் கதிரைகள் ஆரம்ப வகுப்புகளிலிருந்து வந்தவை, சின்னப்பிள்ளைகளுக்கு உரியவை. முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். இரசாயனவியல் படிப்பிக்கும் சுதர்சினி டீச்சரையும் கூப்பிட்டிருந்தேன். அளவை வாசிக்க என்னுடையதல்லாத ஒரு கண் வேண்டும். சுதர்சினிக்கு ஊர் மடுல்கெல்ல. கல்யாண விசயம் முழுவதும் அறிந்தவள். நானாவைப் பார்த்ததும், "கொஞ்சம் தளர்ந்து உக்காருங்கண்ணே, பாக்குறவங்க நீங்கதான் பரீட்சை எழுத வந்திருக்கீங்கன்னு நெனப்பாங்க" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

செய்த விதம் இதுதான். சின்ன முகவையில் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்து, தராசைப் பூச்சியமாக்கினேன். சங்கிலியை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். அப்போது தராசு காட்டுவது சங்கிலி விலக்கிய தண்ணீரின் திணிவு. தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லிலீட்டர். அதனால் கனவளவையும் தராசே சொல்லிவிடும், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை. கோட்டை உற்றுப் பார்க்கும் வேலையே இல்லை.

முதலில் 1.44 வந்தது. அப்படியென்றால் அடர்த்தி பதினாறே முக்கால்தான். சுதர்சினிதான் குனிந்து பார்த்தாள். "இங்க பாரு றிப்தா, வளையத்துக்கு வளையம் காத்துக் குமிழி ஒட்டிக்கிட்டு இருக்கு." சங்கிலியை வெளியே எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை விட்டு, தராசை மறுபடியும் பூச்சியமாக்கி, தொங்கவிட்டு நூலை மெல்ல அசைத்தோம். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. தராசு இறங்கிக்கொண்டே வந்து நின்றது. 1.36. எடுத்து, துடைத்து, பூச்சியமாக்கி, மறுபடியும் தொங்கவிட்டோம். 1.36. சுதர்சினி செய்தபோதும் அதேதான்.

நானா தன் கைபேசியில் கணக்குப் போட்டார். நான் தொடவில்லை. 17.735294 என்று வந்தது. நான் பலகையில் 17.7 என்று எழுதினேன், பக்கத்தில் அலகோடு. இருபத்திரண்டு கரட்.

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். நானா அசையவில்லை. மிச்ச இலக்கங்களை எங்கே போட்டாய் என்று கேட்டார். 1.36இல் மூன்று இலக்கம்தான் இருக்கிறது, அதனால் விடைக்கும் மூன்றுதான் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"அண்டைக்கிப் புள்ளிக்குப் பொறகு ரெண்டு எழுத்து. இண்டைக்கி ஒண்டுதான். அப்ப அண்டைக்கித்தானே நல்லா அளந்திரிக்கி?"

பிறகு இன்னொன்று. கிராமை விட்டுவிட்டுப் பவுனில் போட்டுப் பார்த்தாராம். மூன்று பவுனை ஒன்றரையால் வகுத்தால் இரண்டுதான் வருகிறது, பதினாறு எப்படி வந்தது என்றார். அது ஒரு மில்லிலீட்டருக்கு இரண்டு பவுன், பதினாறு என்பது ஒரு மில்லிலீட்டருக்குப் பதினாறு கிராம், இரண்டும் ஒன்றேதான், அலகை விட்டுவிட்டு இலக்கத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் சண்டை வரும் என்று விளங்கப்படுத்தினேன். அது உடனே விளங்கியது. புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்து மட்டும் விளங்கவில்லை.

கடைசியில் அவருடைய கடை உதாரணத்துக்கே போனேன். "ஒரு ஆள் வந்து, ரூம் எப்பிடியும் பதினஞ்சு அடி இரிக்கும் எண்டு செல்றார். டேப்பால அளக்கல்ல. நீங்க அத டைல்ட அளவால பிரிச்சி, ஏழு தசம் ஆறு ரெண்டு டைல் எண்டு பாத்து, அந்தக் கணக்குக்கு வெட்டிக் குடுப்பீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? முதல்ல டேப்ப எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போவேன்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். பலகையைப் பார்த்தார். அந்தத் தடியன் சாடியைப் பார்த்தார். எழுந்து போய் அதைக் கையில் எடுத்து, கோட்டுக்குக் கோடு எவ்வளவு இடைவெளி என்று விரல் நகத்தால் தடவினார்.

"ரூம் எப்பிடியும் பதினஞ்சு அடி இரிக்கும்," என்றார், தனக்குத்தானே. பிறகு கதிரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்தார். "நான் அந்தப் புள்ள அம்ஜத்துக்கிட்ட என்ன செஞ்சிட்டு வந்திரிக்கேன்."

சுதர்சினி சத்தமில்லாமல் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

அம்ஜத்துக்கு எழுதினேன். இந்த முறை அழிக்கவில்லை. சங்கிலி இருபத்திரண்டு கரட்தான், நான்தான் பிழையாக அளந்து பெரிதாகப் பேசிவிட்டேன், நானாவும் நானும் வந்து மாமியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நீண்ட நேரத்துக்குப் பிறகு பதில்: "ஞாயிற்றுக்கிழமை வாங்க. எல்லாரும் வாங்க."

ஒரு சிரிப்புப் படமும் இல்லை. கோபமா? கடையில் ஆட்கள் நின்றார்களா? ஒரு முற்றுப்புள்ளியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் யோசிக்கலாம் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

காலை ரயிலில் போனோம், உம்மா, நானா, நான். நானா ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கம்பளையைத் தாண்டும்போது, மாமியிடம் முதலில் என்ன சொல்வது என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றும் நன்றாக இல்லை.

வீடு ஸ்ரேசனுக்கு மேலே, படிகளில் ஏறிப்போக வேண்டும். மாமி வாசலுக்கே வந்து உம்மாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். அம்ஜத் அவருக்குப் பின்னால் நின்று நானாவைப் பார்த்து ஏதோ சாடை காட்டினார். நானா கவனிக்கவில்லை. உட்காரவும் இல்லை. பெட்டியைப் பிடித்தபடி நடு அறையில் நின்றே தொடங்கிவிட்டார். மாமி, அந்த 16 விசயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், சங்கிலி சுத்தமான இருபத்திரண்டு கரட்தான், பிழை முழுவதும் எங்கள் பக்கம்—

மாமி அவரைப் பார்த்தார். பிறகு அம்ஜத்தைப் பார்த்தார்.

"என்ன பதினாறு?"

அம்ஜத் அவரிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

எனக்குத் தரை பிளந்தால் போதும் என்றிருந்தது. உம்மா கண்ணை மூடிக்கொண்டார். நானா கையில் மஸ்கட் பெட்டி சரிந்துகொண்டிருந்தது. யாராவது சொல்லத்தான் வேண்டும், அளந்தது நான். மாமிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். ஆசையில் அளந்தது, தடியன் சாடி, ஒன்றரை, 16.08, நானாவின் கோல், பிறகு தாள் திருத்தும்போது விளங்கியது, திங்கட்கிழமை மறுபடியும் அளந்தது. ஒன்றையும் விடவில்லை.

முடித்ததும் கேட்டார். "நான் போட்டு ரெண்டு நாள்ல கழட்டித் தண்ணில போட்டீங்களா, மகள்?"

ஓம் என்றேன். சந்தேகத்தில் இல்லை மாமி, எனக்குக் கையில் எது கிடைத்தாலும் அளக்கத் தோன்றும், முதலில் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், அது என் பிழை என்றேன்.

மாமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒரு ரயில் எஞ்சின் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப பதினேழு தசம் ஏழு எண்டு செல்றீங்க. நாளைக்கி அளந்தா இதுவும் மாறுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "கடைசி எழுத்து கொஞ்சம் மாறலாம் மாமி. ஆறு வரலாம், ஒம்பது வரலாம். முன்னுக்கு இரிக்கிற பதினேழு மாறாது."

மாமியின் முகம் மெதுவாக மாறியது. முதலில் கண். பிறகு கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி. அம்ஜத்துக்கு அது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

"எண்ட மகனும் அப்பிடித்தான்," என்றார் உம்மாவிடம். "கடைசி எழுத்து நாளுக்கு நாள் மாறும். முன்னுக்கு இரிக்கிறது மாறாது. பாத்து மகளக் குடுங்க."

பிறகு எழுந்து, நானாவின் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். "நீங்க இன்னும் நிண்டுக்கிட்டா இரிக்கீங்க?" என்று அவர் தோளைத் தட்டி உட்காரவைத்தார். நானா குழந்தை மாதிரி அழுதார். டைல் லொறி ஓட்டுகிற மனிதர்.

பகல் சாப்பாட்டுக்குக் கோழி, கறிமிளகாய், பருப்பு. இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டேன்.

ஜூலை 7, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டது.

சாப்பிட்ட பிறகு அம்ஜத் கடையைக் காட்டக் கூட்டிப்போனார், உம்மாவும் கூட வந்தார். உம்மா கண்ணாடிச் சட்டங்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் கல்லாப் பக்கம் நின்று பேசினோம். ஏன் ஒரு செய்திகூட அனுப்பவில்லை என்று கேட்டேன். எனக்கும் கோபம் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்த இலக்கத்துக்காக அவருக்குக் கோபம் வரவில்லையாம். "அது உண்மையா இரிந்தா, உம்மாவ யாரோ ஏமாத்தியிரிக்கி. அது தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. பொய்யா இரிந்தா அவக்குத் தெரியவே தேவல்ல. அதான் செல்லல்ல." கண்ணாடித் துடைக்கும் துணியை மடித்து மடித்து விரித்தார். "எனக்கு நோவினது வேற. அத நீங்க எனக்குச் செல்லல்ல. உங்கட நானா சென்னார்."

இனி முதலில் உங்களிடம்தான் சொல்வேன், நீங்களும் கோபமென்றால் கோபம் என்று ஒரு வரியாவது எழுதுங்கள், முற்றுப்புள்ளியோடு விட்டுவிடாதீர்கள் என்றேன். எந்த முற்றுப்புள்ளி என்று கேட்டார். அவருக்கு நினைவே இல்லை.

பிறகு ஒன்று சொன்னார், அதுதான் நேற்றிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கண் சோதிக்கும் மெஷின் சில நேரம் 1.37 என்று காட்டுமாம். ஆனால் கண்ணாடி கால் காலாகத்தான் வரும், ஒன்றேகால், ஒன்றரை என்று. அதனால் அவர் மெஷினை மூடி வைத்துவிட்டு ஆளிடம் கேட்பாராம்: இது தெளிவா, அது தெளிவா? ஆள் சிரித்தால் அதுதான் சரியான கண்ணாடி.

இந்த மனிதரை நான் இன்னும் கொஞ்சம் அளக்க வேண்டும். அவசரமில்லை.

ஜூலை 18, வெள்ளி

கல்யாணம் ஓகஸ்ட் நடுப்பகுதியில். பெரஹரா ஊர்வலம் முடிந்து கண்டி ரோட்டில் பஸ் ஓடத் தொடங்கட்டும் என்று மாமி சொல்லிவிட்டார். நானா சமையல்காரருக்குச் சொல்ல ஆட்களின் எண்ணிக்கை கேட்டார். இருநூறு அளவில் என்றேன். அளவில் என்றால் எத்தனை, நூற்றித் தொண்ணூறா, இருநூற்றிப் பத்தா என்று கேட்கிறார். மனிதர் மாறிவிட்டார். தாங்க முடியவில்லை.

ஓகஸ்ட் 18, திங்கள்

நேற்று நிக்காஹ். மழை பெய்யவில்லை. உம்மா அழவில்லை, நானாதான் அழுதார்.

ஒக்டோபர் 9, வியாழன்

வலய விளையாட்டுப் போட்டி என்று பாடசாலையை நேரத்தோடு விட்டார்கள். பன்னிரண்டு மணி ரயில் கிடைத்துவிட்டது. இப்போது மாமி வீட்டிலிருந்துதான் போய்வருகிறேன், வழக்கமாகப் பின்னேரம் நாலரைக்குத்தான் நாவலப்பிட்டியில் இறங்குவேன். ஸ்ரேசன் படிகளில் ஏறும்போது கீழே ரோட்டோரத்தில் நானாவின் லொறி நிற்பதைக் கண்டேன். திடுக்கிட்டுவிட்டேன். உம்மாவுக்கு ஏதாவதா? படிகளில் ஓடினேன்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. முன் அறை சாய்மனைக் கதிரையில் நானா. கால்கள் இரண்டும் ஒரு முக்காலியில். மேலே மாமியின் பழைய போர்வை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சாப்பாட்டு மேசையில் சாப்பிட்ட பீங்கான் தட்டு ஒன்று கழுவாமல் கிடந்தது, ஓரத்தில் பாகற்காய் ஒதுக்கி வைத்திருந்தது. நானா எங்கே சாப்பிட்டாலும் பாகற்காயை ஒதுக்குவார்.

பிறகுதான் மெல்ல மெல்ல விசயம் வந்தது. ஹற்றன் பக்கம் டைல் இறக்கிவிட்டு வரும் வியாழக்கிழமைகளில் இங்கே ஏறிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாராம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அம்ஜத்துக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நேரம், நான் செருப்பைக் கழற்றி வைத்த சத்தத்துக்கு மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாம வாங்க மகள். புள்ள தூங்குது."